சல்ஃபைடு வில்லை

கல்யாணமான புதிதில் என் கணவர் என்னிடம் கேட்ட முதல் நீளமான கேள்வி என் புடவை நாற்றத்தைப் பற்றியது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தேன். வார நாள்களில் விடுதி, சனிக்கிழமை சாயங்காலம் பழவேற்காட்டு பஸ். அவர் அங்கே லைட்ஹவுஸ் குப்பத்தில் படகு இன்ஜின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, வர்ற வழியில ஏரிச் சேத்துல எறங்கினியா?" என்றார்.

கோடையில் முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் ஏரிச் சேற்றைக் கிளறும்போது அழுகின முட்டை நாற்றம் வரும். என் புடவையிலும் அதேதான் வீசியது. எனக்கு மூக்கு பழகிப்போயிருந்தது.

லித்தியமும் கந்தகமும் சேர்ந்த சல்ஃபைடு பொடியை அழுத்தி வில்லையாக்குவதுதான் என் வேலை. அதற்கு டார்கெட் என்று பெயர். உள்ளங்கையளவு, பழுப்பேறிய வெள்ளை. அதைக் காற்றில்லாத பெட்டிக்குள் வைத்து, கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு, மின்சாரம் கொடுப்போம். வாயுத் துகள்கள் வில்லையில் மோதி அணு அணுவாகப் பெயர்க்கும். பெயர்ந்தது எதிரே இருக்கும் கண்ணாடித் துண்டில் படலமாகப் படியும். அந்தப் படலத்தை வைத்து மெல்லிய பேட்டரி செய்ய முடியுமா என்பது எங்கள் பேராசிரியரின் கேள்வி. ஈரக் காற்று பட்டால் போதும், வில்லை நாற ஆரம்பித்துவிடும்.

இதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடி கேட்டார். பொடியை அப்படியே கண்ணாடியில் தடவினால் ஆகாதா என்றார். அவ்வளவு மெல்லிசாக, அவ்வளவு சமமாகத் தடவ எந்தக் கையாலும் முடியாது என்றேன். பதில் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

பேராசிரியரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். தாராளமாக வரட்டும் என்றார். அடுத்த சனிக்கிழமையே என் கணவர் வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில்.

பெட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கவே காலைப் பொழுது முழுதும் போனது. அவர் அலுத்துக்கொள்ளவில்லை, பம்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். மின்சாரம் கொடுத்ததும் பெட்டியின் சிறு ஜன்னலில் ஊதா வெளிச்சம் பரவியது. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, இது வில்லையோட நிறமா, வாயுவோட நிறமா என்று கேட்டார். வாயுவுடையது என்றேன். கொஞ்ச நேரத்தில் எதிரிலிருந்த கண்ணாடித் துண்டில் லேசாகப் பச்சையும் சிவப்பும் ஓடின.

"தண்ணி மேல டீசல் கொட்னா இப்டித்தான் இருக்கும்" என்றார். அதற்கும் இதற்கும் ஒரே காரணம்தான், படலம் அவ்வளவு மெல்லிசு என்று பேராசிரியர் விளக்கினார்.

அப்போது வெளிச்சம் துடித்தது. பேராசிரியர் சட்டென்று மின்சாரத்தை நிறுத்தினார். வில்லை மூன்றாக வெடித்திருந்தது. சூடு சீக்கிரம் ஏறிவிட்டால் அப்படி ஆகும், எங்களுக்குப் புதிதில்லை. என் கணவரின் முகம்தான் சுண்டிப்போனது. தான் வந்த நேரம் சரியில்லை என்று நினைத்துவிட்டார். பேராசிரியர் சிரித்து, உடைந்ததில் ஒரு சில்லை அவருக்காகவே எடுத்து வைக்கச் சொன்னார்.

புகை உறிஞ்சும் கூண்டுக்குள் அந்தச் சில்லைத் தண்ணீரில் போட்டுக் காட்டினேன். குபுகுபுவென்று நுரைத்துக் கரைந்தது. கந்தகம்தான் நாற்றமாகப் போகிறது என்றேன்.

"அப்ப லித்தியம் எங்க போச்சி?"

தண்ணீரிலேயே இருக்கிறது என்று வாயால் மட்டும் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. நாற்றம் அடங்கியதும் ஒரு கம்பியை அந்தத் தண்ணீரில் நனைத்து பர்னர் தீயில் காட்டினேன். தீ செக்கச்செவேலென்று மாறியது. அவர் கம்பியைத் தன் கையில் வாங்கி மறுபடி நனைத்தார், மறுபடி காட்டினார். தண்ணீர் தீரும்வரை விடமாட்டார் போலிருந்தது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் திருப்பாலைவனம் தாண்டியதும், நம்ம சேறும் அப்படித்தானே நாறுது, அதுல லித்தியம் இருக்குமா என்றார். நாற்றம் கந்தகத்தால் வருவது, அதை வைத்து லித்தியம் இருப்பதாகச் சொல்ல முடியாது என்றேன். "முடியாதுன்னா இல்லன்னு அர்த்தமா?" என்றார். சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

திங்கட்கிழமை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏரிச் சேற்றை அடைத்து என் பையில் வைத்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் அதைக் கரைத்து வடிகட்டித் தீயில் காட்டினேன். ஒரே மஞ்சள். மஞ்சளாக எரியும் ஏரி உப்பு வேறு எதையும் பார்க்கவிடவில்லை. நிறங்களைப் பிரித்துக் காட்டும் குழாய் வழியாகவும் பார்த்தேன். லித்தியத்தின் சிவப்புக் கோடு இருக்கவேண்டிய இடம் இருட்டாகவே இருந்தது. கடல் நீரில் லித்தியம் உண்டுதான், ஆனால் மிகச் சொற்பம், உன் குழாய்க்கு எட்டாது என்றார் பேராசிரியர்.

சனிக்கிழமை இதை அப்படியே சொன்னேன். ஏமாந்துபோவார் என்று பயந்திருந்தேன். அவர் ஓர் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார், கையில் கிரீஸ்.

"கீது, ஆனா நமக்கு மாட்டல. அவ்ளோதான?" என்றார்.

அவ்வளவுதான் என்றேன். நகர்ந்து எனக்கும் உட்கார இடம் கொடுத்தார்.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு, சூட்டை மெல்ல மெல்ல ஏற்றி, வெடிக்காத ஒரு வில்லையைச் செய்துவிட்டோம். அதிலிருந்து எடுத்த படலத்தில் முதல்முறையாக மின்சாரம் ஓடி, மீட்டர் முள் ஒரு மயிரிழை நகர்ந்தது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.