இருபத்திரண்டு கோடுகள்

பத்மநாபபுரம் அரண்மனைத் தச்சனைப் பற்றி இணையத்தில் நீங்கள் படித்திருந்தால், அது பொய். எழுதியவள் நான்.

தூணின் விட்டத்துக்கு ஏழு கோடு, சுற்றளவுக்கு இருபத்திரண்டு கோடு என்று 'பை'யின் மதிப்பைத் தூணின் அடியிலேயே செதுக்கி வைத்தானாம்! அப்படியொரு தூண் இல்லை. அந்தத் தச்சனும் இல்லை.

நான் கணித ஆசிரியை. அரண்மனைக்குப் பக்கத்தில், தக்கலையில் நடந்த ஆசிரியர் பயிற்சிக்கு, கணித வரலாறு கற்பிக்க உதவும் இணையப் பக்கங்கள் ஐந்தைத் தேடி வரச் சொன்னார்கள். நான்கு கிடைத்தன. கிரேக்கம், எகிப்து, பாபிலோன்... நம் ஊர் எங்கே? எங்கள் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசையா, அகந்தையா? இன்றும் தெரியவில்லை. ஐந்தாவதை நானே எழுதி, பெயர் போடாமல் ஒரு வலைப்பூவில் ஏற்றி, தேடிக் கண்டெடுத்ததுபோல் கொண்டுபோனேன்.

கைதட்டினார்கள்! எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

வகுப்பிலும் சொன்னேன். எட்டாம் வகுப்பு அபிஷா அப்படியே நம்பினாள். சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த அப்பாவை அரண்மனைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மறுநாள் என் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், எல்லாத் தூணையும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தோம். கோடு ஒண்ணையும் காணல்ல. எனக்குப் பாக்கத் தெரியல்ல போல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? வாய் வரைக்கும் வந்தது...

"தேஞ்சு போயிருக்கும் மக்கா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. 'கோடுகள் தேய்ந்துவிட்டன, நேரில் பார்த்தேன்' என்று செயல்திட்ட நோட்டில் எழுதினாள். சிவப்பு மையில் 'மிக நன்று' போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

அந்த நோட்டு பள்ளிக் கண்காட்சியில் இருந்தது. வந்தவர்கள் படமெடுத்துப் போனார்கள்.

வலைப்பூவைப் பிறகு அழித்தேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அதற்குள் யார் யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அபிஷா இப்போது பிளஸ் டூ. கல்லூரியில் கணிதம்தான் எடுப்பாளாம். சென்ற வாரம் தக்கலை பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டதும் ஓடி வந்து கைபேசியை நீட்டினாள்.

"டீச்சர், எம்பேரு நெட்டுல வந்திருக்கு, கண்டியளா?"

ஆசிரியர்களுக்கான ஏதோ ஒரு பக்கம். என் தச்சன்! கடைசி வரி மட்டும் புதிது. கோடுகள் தேய்ந்துபோனதற்குச் சாட்சி, நேரில் சென்று பார்த்த மாணவி அபிஷா.

என் பொய்க்கு அவளைச் சாட்சியாக நிறுத்திவிட்டேன்... அவளோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கு மக்கா" என்றேன். நாகர்கோவில் பேருந்து வந்தது. ஏறிவிட்டேன்.