அப்பலசாமின்னு கூப்பிட்டேன்

நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க. எனக்கு ஒண்ணும் குறையாது. பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா வாய்விட்டுச் சிரிச்சவன் நான். பேரு பெர்சிவல், மெத்தடிஸ்ட் சபை. எங்க தீவுல நாந்திங்கிற ஊர்ல போட்டோ ஸ்டுடியோ வச்சிருந்தேன். இது எனக்கே நடந்தது.

1987. பட்டாளம் ரெண்டாவது தடவையா ஆட்சியைப் பிடிச்ச நேரம். என் கூட்டாளி, யூனியன்காரன் பிஜேந்திராவைத் தேடிக்கிட்டிருந்தாங்க. ஏர்போர்ட்ல அவன் பேரைக் குடுத்து வச்சாச்சு. பிடிபட்டா உசிரோட திரும்ப மாட்டான்னு எங்களுக்குப் பயம். பெண்டாட்டி வந்தனாவும் பிள்ளைங்களும் முன்னாடியே சிட்னி போயிட்டாங்க. இவன் மட்டும் மாட்டிக்கிட்டான்.

வேற ஆளோட பாஸ்போர்ட்ல இவன் போட்டோவை ஒட்டினேன். பக்கத்து ஊர் சபேட்டோவுல கரும்பு போட்டிருந்த அப்பலசாமியோடது. மனுஷன் செத்து ஒரு வாரம்தான் ஆச்சு, சாவை இன்னும் பதியலை. அவர் சம்சாரம் இந்திராவதிதான் துணிஞ்சு எடுத்துக் குடுத்தா. ஒண்ணே ஒண்ணு சொன்னா.

"பதினாறு கழியறவரைக்கும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. வந்துடுவாரு."

சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். பதினாறாவது மண்ணாவது!

ஞாயித்துக்கிழமை மத்தியானம். அப்பல்லாம் ஞாயிறுன்னா கடை கிடையாது, பஸ் கிடையாது, பட்டாளத்து உத்தரவு. தெருவுல ஒரு நாய்கூட இல்லை. பின்னறை ஜன்னலை மூடிட்டு பிஜேந்திராவைப் பழக்கினேன். போட்டோ ஒட்டறது சுலபம், பேர் ஒட்டணுமே! கவுண்டர்ல திடீர்னு கூப்பிட்டா திருதிருன்னு முழிக்கக் கூடாது. சுவரைப் பார்த்து நிக்க வச்சுப் பின்னாலிருந்து கூப்பிட்டேன்.

"அப்பலசாமி!"

கல்லு மாதிரி நின்னான். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும்… ஒருவழியா 'ஹா ஜி'ன்னு திரும்ப ஆரம்பிச்சான். அவன் வடக்கத்தி வம்சம், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நாங்க பேசறதெல்லாம் ஹிந்திதான்.

மூணேகால் மணி.

"அப்பலசாமி!"

"என்னா?"

தமிழ்ல வந்துச்சு. முன்னறையிலேர்ந்து.

எனக்கு முதல்ல வந்தது கோபம்தான். உளவாளி! எவனோ காட்டிக் குடுத்துட்டான். பக்கத்துக் கடைக்காரனா? இல்லை, இந்திராவதியேவா? கத்தரிக்கோலைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனேன்.

முன்கதவு தாழ் போட்டபடி இருந்துச்சு. யாருமில்லை.

தரையில சேத்துக் காலடி. உள்ள வந்த காலடி…

திரும்பிப் போன காலடி இல்லை.

பின்னறைக்கு ஓடினேன். பிஜேந்திரா சுவரைப் பார்த்தே நின்னான்.

"இங்க எவனாவது வந்தானா?"

கிட்டப் போய்க் கூப்பிட்டேன்.

"பிஜேந்திரா!"

அசையலை.

அந்தப் பேரைச் சொன்னேன்…

உடனே திரும்பினான்.

நல்லாப் பழகிட்டான், அவ்வளவுதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மறுநாள் பிளேன் ஏறிட்டான். கவுண்டர்ல துளி தடுமாறலைன்னு ஏர்போர்ட்ல வேலை பார்க்கிற ராமச்சந்திரன் வந்து சொன்னான். ஒரு உசிரைக் காப்பாத்திட்டோம்னு அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூணு வாரம் கழிச்சு சிட்னியிலேர்ந்து வந்தனா போன் பண்ணினா. தேம்பித் தேம்பி அழுதா.

"பெர்சிவல் அண்ணா, பெத்த பிள்ளைங்களையே யாருன்னு கேக்கறாரு. ராத்திரி பூரா ஏதோ பாஷையில பேசறாரு, எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்களே கேளுங்க."

போனை அவன் கையில குடுத்தா.

அப்புறம் குரல். சபேட்டோ பெருசுங்க பேசற அதே தமிழ்.

"தம்பி… இந்திராவதி சாப்பிட்டாளா?"