சலாம் போட ஒரு கை

என் ஸ்கூட்டரை நான் ஓட்டினேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். அதன் ஹேண்டில்பாருக்கு எப்போது மனசு வந்ததோ அப்போது அது ஓடியது. நான் மேலே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

ஊட்டிப் பக்கம், இத்தலாருக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்விட்டான் என்று பேப்பரில் போட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் எஸ்டேட்டுக்கு அந்தப் பேப்பர் வந்து சேரவில்லை போலிருக்கிறது. பெரிய துரை பங்களாவில் இருந்தார், துரைசானி இருந்தாள், சின்னத் துரை இருந்தார், நாங்களும் இருந்த இடத்திலேயே இருந்தோம். துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி, ஓரமாக நின்று, வலது கையால் சலாம் வைக்க வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும், மழை கொட்டினாலும். இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. தேயிலைக்காட்டில் ஆள் கணக்கு எழுதும் ஒரு பீல்டு ரைட்டர் மூடுபனியில் கார் வந்ததைக் கவனிக்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதமே அவரை அட்டை கடிக்கும் கீழ் டிவிஷனுக்கு மாற்றினார்கள். காரணம் கேட்க அவருக்கும் வாய் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை.

ஸ்கூட்டர் முதலில் சின்னத் துரையுடையது. அவர் மோட்டார் சைக்கிள் வாங்கியதும், இதை கிளார்க் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். துரை எடுத்துக்கொள் என்றால் எடுத்துக்கொள்வதுதான். விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எங்கள் ஆபீஸில் வேறு யாரிடமும் ஸ்கூட்டர் கிடையாது. பங்களா வாசலில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் அதை வாங்கித் தள்ளிக்கொண்டே என் கோட்டர்ஸ் வீடு வரை வந்தேன். ஒரு லீவரைக்கூட அமுக்கிப் பார்க்கவில்லை. துரை கொடுத்த சாமானை அவர் கண்ணெதிரே தட்டிப் பார்க்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

இடது கைப்பிடியில்தான் எல்லா வினையும். அந்தப் பக்கத்துக் கிளச் லீவரை அமுக்கிக்கொண்டு, பிடியை முன்னும் பின்னும் முறுக்கினால் கியர் மாற வேண்டும். என் வண்டியில் லீவர் நன்றாக அமுங்கும், ஆனால் அதற்கும் என்ஜினுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உள்ளே கேபிள் இற்றுப்போயிருந்தது. கியர்ப் பிடியில் பல் தேய்ந்திருந்ததால், மேட்டில் கையை எடுத்தால் கியர் தானாக நழுவிவிடும். முறுக்கிய கையை முறுக்கியபடியே வைத்திருக்க வேண்டும். வலது கையோ ஆக்சிலேட்டரை விட்டால் என்ஜின் செத்துவிடும். ஹாரன் பொத்தான் தனி ராஜ்யம் நடத்தியது. ஈரமான காலைகளில் யாரும் தொடாமலே அலறும். ஒருநாள் பங்களா கேட்டைத் தாண்டும்போது அலறித் தொலைத்தது. பெரிய கிளார்க் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, தொரை தூங்கற நேரத்துல ஹாரன் அடிச்சுட்டுப் போனீங்களாமா? அத்தனை பெரிய மனுசனாயிட்டீங்களா?"

"நான் அடிக்கலீங்க. அது தானா அடிச்சுதுங்க."

"தானா அடிக்குமாக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் கணக்கைப் பார்க்கக் குனிந்துகொண்டார். நான் பொய் சொல்கிறேன் என்றுகூட அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனேன். அவர் பிடியைக் கழற்றி, உள்ளே இருந்த கேபிளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது நேத்தைக்கு வந்த கோளாறு இல்லீங்க. ரொம்ப நாளா இப்படித்தான் ஓட்டிருக்காங்க. வாங்கறப்ப ஒருக்கா அமுக்கிப் பாக்கலீங்களா?"

"தொரை பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாருங்க, பாய்."

"நின்னா என்னங்க?"

அவருக்கு எப்படிச் சொல்வது? அவர் கடைக்கு அவர்தான் முதலாளி. புதுக் கேபிள் மெட்ராஸிலிருந்து வர வேண்டும், வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றவர், அதுவரைக்கும் சைக்கிள் பிரேக் கம்பியைக் கோத்துக் கட்டிவிட்டார். அது கொஞ்ச நாள் தாங்கும், பிறகு நீண்டு தொங்கிவிடும். மறுபடியும் போவேன், மறுபடியும் கட்டுவார். கடைசியில் அலுத்துப்போய், கிளச் இல்லாமலே ஓட்டப் பழகிக்கொண்டேன். எங்கள் கோட்டர்ஸ் வாசலிலிருந்து ரோடு இறக்கமாகப் போகும். நியூட்ரலில் உருளவிட்டு, வேகம் பிடித்ததும் கியரை முறுக்கினால் உடம்பெல்லாம் உதறிக்கொண்டு கிளம்பிவிடும். நிறுத்தினால் அணைந்துவிடும். மேட்டில் நின்றுவிட்டால் உதைத்துக் கிளப்புவது நடக்காத காரியம், கியர் விழுந்ததும் ஒரு குதி குதித்து அடங்கிவிடும். மறுபடி கிளம்ப வேண்டுமென்றால் இன்னோர் இறக்கம் கிடைக்க வேண்டும்.

அந்த வருஷம் என் மகள் ஐந்தாம் வகுப்பை முடிக்க இருந்தாள். எஸ்டேட் ஸ்கூலில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. ஊட்டியில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைக்க என் சம்பளம் காணாது. ஊட்டியிலேயே குடியிருந்தால் படிப்பாள், இல்லாவிட்டால் அம்மாவோடு அடுப்படியில் நிற்பாள். கணக்கு அவளுக்கு என்னைவிட வேகமாக வரும். அந்த நேரத்தில்தான் ஊட்டியில் ஓர் அரசாங்க ஆபீஸிலிருந்து கிளார்க் வேலைக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லி எனக்குக் கார்டு வந்தது. எனக்கு அந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிந்துவிடும். அதனால் இதை விட்டால் அடுத்தது என்ற பேச்சே இல்லை.

"அங்க போயிட்டா எந்தக் காருக்கும் குடையை மடக்க வேண்டாமுங்க" என்றாள் என் மனைவி. "புள்ளையும் படிச்சுக்குவா. இந்த ஊட்டைப் பூட்டிச் சாவியை வீசிட்டுப் போயிரலாமுங்க."

எஸ்டேட்டில் விஷயம் தெரிந்தால் இருக்கிற வேலையும் போகும். பல்வலி என்று லீவ் போட்டேன். மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் பஸ் பிடிக்கலாமென்றால், முதல் பஸ்ஸில் போனாலும் ஊட்டி சேர நேரம் தப்பிவிடும். காய்கறி லாரிகள் விடிவதற்கு முன்பே போய்விடும். வேறு வழியில்லாமல் ஸ்கூட்டரையே நம்பினேன்.

அன்று காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். மகள் பின்னால் நின்று தள்ளிவிட்டாள். இறக்கத்தில் உருண்டு, உதறிக் கிளம்பி, பாக்டரியைத் தாண்டி, மெயின் ரோட்டுக்கு ஏறும் மேட்டில் வண்டி முனகிக்கொண்டு போனது. அந்த ரோடு ஒரு கார் போகும் அகலம்தான். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் சரிவு. மூடுபனி முகத்தில் ஒட்டியது. பாதி மேடு ஏறியிருப்பேன், எதிரே இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. அது எந்தக் கார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

இறங்கினால் வண்டி அணையும், அந்த மேட்டில் மறுபடி கிளம்பாது. இறங்காமல் ஓரமாக ஒதுங்கி, ஓட்டிக்கொண்டே சலாம் வைத்துவிட்டுப் போகலாமா? சலாம் வைக்க ஒரு கை வேண்டுமே! இடது கையை எடுத்தால் கியர் நழுவும், வலது கையை எடுத்தால் என்ஜின் அணையும். கடவுள் கொடுத்த இரண்டு கையையும் அந்த ஹேண்டில்பார் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தது. சலாமும் வைக்காமல், இறங்கவும் இறங்காமல், துரையின் முகத்துக்கு நேராக ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி கடந்துபோவதுதான் மிச்சம். போயிருக்கலாம். வேலை கிடைத்திருந்தால் அந்தத் துரையால் என்னை என்ன செய்திருக்க முடியும்? ஆனால் கிடைக்காவிட்டால்? கீழ் டிவிஷனுக்குப் போன பீல்டு ரைட்டரின் வீங்கிய கால்கள் கண்ணுக்குள் வந்தன. அத்தனையும் யோசித்து முடிவெடுத்தேன் என்று இப்போது சொல்கிறேன். உண்மையில் விளக்கைக் கண்டதுமே என் கால் தரையில் ஊன்றிவிட்டது. வண்டி இரண்டு முறை இருமி அணைந்தது. ஓரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சலாம் வைத்தேன்.

கார் என் பக்கத்தில் வந்து மெதுவாக நின்றது. டிரைவர் கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங்க, எதுக்குங்க எறங்குனீங்க? தொரை வரலீங்களே. நாயை நேத்து ஊட்டி ஆஸ்பத்திரில விட்டிருந்தோம். இப்பத்தான் கூட்டிட்டு வாரேனுங்க."

பின் சீட்டில் கம்பளி விரித்து, அதன்மேல் பங்களா நாய் உட்கார்ந்திருந்தது. முன்னங்காலில் வெள்ளைத் துணிக் கட்டு. என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"கொஞ்சம் தள்ளி விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மெயின் ரோடு வரைக்கும் போதும்" என்றேன்.

"அய்யோ, தனியா உட்டுட்டு எறங்குனா கத்துமுங்க. துரைசானி வேற வாசல்லயே நிப்பாங்க." அவர் கெட்ட மனுஷன் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார். கார் போய்விட்டது.

திருப்பிக்கொண்டு இறக்கத்தில் உருட்டிக் கிளப்பலாம். கிளப்பினால் எஸ்டேட்டுக்குள்தான் போகும், அந்த ஒடுங்கிய ரோட்டில் நிறுத்தாமல் திருப்ப இடமில்லை. தள்ளினேன். கனத்த இரும்பு வண்டி, மழையில் ஊறிய ரோடு. செருப்பு வழுக்கியது. நாயைத் திட்டினேன், துரையைத் திட்டினேன், கிளச் லீவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அதிகமாகத் திட்டியது என்னைத்தான். மெயின் ரோட்டில் இறக்கம் கண்டு வண்டி கிளம்பி, ஊட்டி போய், பாய் கடையில் அதைப் போட்டுவிட்டு ஓடினேன். சட்டையின் முன்புறம் கிரீஸ், தொங்கிய கம்பி கிழித்து விரலில் ரத்தம்.

ஆபீஸ் வாசலில் இருந்த பியூன் என் கார்டைப் பார்த்தார். "உங்க பேரை ரெண்டு வாட்டி கூப்பிட்டாச்சுங்களே. ஆள் வரலைன்னு உள்ள முடிச்சுட்டாங்க. இப்பப் போயிக் கேட்டா என்னையத்தான் ஏசுவாங்க." என் சட்டையைப் பார்த்துவிட்டு, "கையைக் கழுவிக்குங்க, அங்க கொழாய் இருக்குது" என்றார். கழுவிக்கொண்டேன். பிறகு செய்ய வேறொன்றும் இல்லை.

வீட்டில் என் மனைவி சட்டையைக் கழற்றி வாங்கி, சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கறை போகவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடங்கள் திறந்தன. என் மகள் வீட்டில் இருந்தாள். தேயிலைக்காட்டில் தண்ணீர் சொட்டும் அந்த மழை மாதத்தில்தான், சொல்லிவைத்தாற்போல, மெட்ராஸிலிருந்து கேபிள் வந்தது. பாய் கிளச்சையும் கியர்ப் பிடியையும் புதிதாகப் போட்டு, கையை விட்டாலும் என்ஜின் அணையாதபடி ஆக்சிலேட்டரையும் சரிசெய்து கொடுத்தார். விரலால் தொட்டால் போதும், அமுங்கியது. எனக்கு அந்த வண்டியை அப்படியே சரிவில் தள்ளிவிட வேண்டும்போல் இருந்தது.

சில நாள் கழித்து, தூறலில் மகளைக் குடையோடு பின்னால் உட்காரவைத்து ஊட்டி மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். அதே மேட்டில் எதிரே கார் வந்தது. மூடுபனி இல்லை, உள்ளே துரை இருப்பது நன்றாகத் தெரிந்தது. இந்த முறை இறங்குவதில்லை என்று நான் முடிவு செய்தேன். பெண்ணின் படிப்பே போனபிறகு இன்னும் எதைக் காப்பாற்றப் போகிறேன்? கீழ் டிவிஷனுக்கு மாற்றினால் மாற்றட்டும். ஒரு கையால் ஓட்டவும் இப்போது முடியும், ஆனால் சலாமும் வைக்கப் போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக ஓட்டினேன்.

"அப்பா, காருங்கப்பா! நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று மகள் முதுகில் தட்டினாள். நான் வேகத்தைக் குறைப்பதற்குள் அவளே குதித்துவிட்டாள். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரோட்டோரம் நிமிர்ந்து நின்று, வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். அவளுக்கு அதை நானும் சொல்லித்தரவில்லை, அவள் அம்மாவும் சொல்லித்தரவில்லை.

கிளச் அருமையாகப் பிடித்தது. வண்டி அசையாமல் நின்றது. நானும் இறங்கினேன்.