கீழே கிடப்பதைத் தொடாதே

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். தில்லியில் பஸ்ஸிலும் பார்க்கிலும் கேட்பாரற்றுக் கிடந்த டிரான்சிஸ்டர்கள் வெடித்து, ஆசையாய்க் கையில் எடுத்தவர்கள் செத்துப்போன சமயம். நான் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஜனக்புரியிலிருந்து பஸ் ஏறினால், சீட்டுக்கு அடியில் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லி கண்டக்டர் ஹிந்தியில் கத்துவார்.

பள்ளியில் குண்டு ஒத்திகை நடத்த வேண்டும் என்று போலீஸ்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். முதலில் பெற்றோரைக் கூப்பிட்டு விளக்க வேண்டும். தலைமை ஆசிரியர் அந்த வேலையை என் தலையில் கட்டினார்.

கூட்டத்துக்கு வந்தவர்களில் சர்க்கார், வங்கி ஆட்கள் முன்பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். ஜுக்கிக் குடிசைகளிலிருந்து வந்தவர்கள், இடம் காலியாக இருந்தும், பின்சுவரோரம் நின்றார்கள். டப்பா, ரேடியோ, பொம்மை, எது கீழே கிடந்தாலும் தொடக்கூடாது, வீட்டிலும் இதைச் சொல்லிப் பழக்குங்கள் என்றேன். முன்பெஞ்சிலிருந்து வந்த ஒரே கேள்வி, பரீட்சை தள்ளிப்போகுமா என்பது. பிள்ளை முழுசாக இருந்தால் அல்லவா பரீட்சை!

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல். என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா. சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபின், தெருத்தெருவாகப் பழைய சாமான் பொறுக்கிக் கபாடி என்கிற காயலான் கடையில் போட்டுப் பிழைக்கிறார்.

"டீச்சர், கீழ கெடக்கறதத் தொடாதீங்கன்னா, எங்களுக்குப் பொழப்பே அதுதாங்களே. எதை எடுக்கறது, எதை வுடறது?"

தலைமை ஆசிரியர் முந்திக்கொண்டார். "உசிரு முக்கியமா, ஓட்டை டப்பா முக்கியமாப்பா?"

முன்பெஞ்சு சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உசிரோட இருக்கத்தானே சார் அவர் அதைப் பொறுக்கறார்?" என்றேன். சிரிப்பு நின்றது. ஆனால் அவர் கேட்டதை விட்டுவிட்டு ஒத்திகைத் தேதியைச் சொன்னேன். "அச்சா, சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒத்திகை. வராந்தாவில் ஒரு காலி டிபன் டப்பாவை வைத்து, அதுதான் குண்டு என்றோம். விசில் ஊதியதும் பிள்ளைகள் வரிசையாக மைதானத்தின் மறுகோடிக்குப் போய் நிற்க வேண்டும். எல்லாரும் ஒழுங்காகத்தான் போனார்கள். அவருடைய பெண் மட்டும் வரிசையை விட்டு ஓடி, ஒன்றாம் வகுப்பிலிருந்த தம்பியை இழுத்துக்கொண்டுபோய் மதிலோரம் குப்புறப் படுத்தாள். அவன் காதைப் பொத்திக்கொண்டான். அவள் கை அவன் பிடரியை விடவில்லை. மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்குக் கோபம். "நிக்கச் சொன்னா படுத்துக்கறியே! யாரு சொல்லிக்குடுத்தா?"

"அப்பா, டீச்சர். காலைல அம்மா பாத்திரம் தேய்க்கப் போயிடும். நாங்க அப்பாகூடப் போவோம். எதுனா கெடந்தா, எங்களைத் தூரமா படுக்க வெச்சிட்டு, அப்பா மட்டும் போயி எடுப்பாரு. அவரு கூப்பிட்டப்புறம்தான் எந்திரிக்கணும்."

"கூப்பிடலேன்னா?"

கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன்.

"தம்பியக் கூட்டிக்கிட்டு வூட்டுக்கு ஓடணும். திரும்பிப் பாக்கக் கூடாது. ஓடிப் பழகறப்போ இவன் திரும்பித் திரும்பி அப்பாவைப் பாக்கறான் டீச்சர். அதான் கழுத்தப் புடிச்சுக்கறேன்."