விசிடி விற்றவரைப் பார்க்கப் புழலுக்கு

கோயில், அருவி என்றுதான் இதுவரை எழுதியிருக்கிறேன். இந்தப் பயணம் சிறைக்கு. 2007 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, பீர்க்கன்கரணையில் என் பக்கத்து வீட்டு அமுதாவுக்குத் துணையாக, அவர் கணவர் சேகரைப் பார்க்கப் போனேன்.

பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தருகே சின்னக் கடையில் செல்போன் கவரும் திருட்டு விசிடியும் விற்றவர் சேகர். தப்புதான். அவரிடம் முப்பது ரூபாய்க்கு வாங்கிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பிடித்தார்கள், வழக்குப் போட்டார்கள், சரி. ஆனால் ஜாமீன் கிடைத்து மறுநாள் வெளியே வரவேண்டியவரிடம் சிறைக்குள்ளேயே இன்னொரு காகிதத்தைக் கொடுத்தார்கள். குண்டர் சட்டம்! சாராயக்காரர்களுக்கும் ரவுடிகளுக்கும் கொண்டுவந்த சட்டத்தில் விசிடி விற்பவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். தீர்ப்பே இல்லாமல் ஒரு வருடம் உள்ளே வைக்கலாம்.

பெருங்களத்தூரில் காலை 6.50க்கு மின்சார ரயில். கடற்கரை வரை பத்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பாரிமுனையில் செங்குன்றம் பஸ் பிடித்தால் ஏழு ரூபாய், ஐம்பது நிமிடம். புழல் நெருங்கும்போதுதான் அமுதா சொன்னார்.

"ஹவுஸ் ஓனரு காலி பண்ண சொல்ட்டாரு அண்ணா. போலீஸ் வந்த வூடாம். உள்ள இருக்குறவர்கிட்ட இத சொல்லிடாதீங்க."

பஸ் நிறுத்தத்திலிருந்து ஆட்டோ இருபது ரூபாய். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"மனு பாக்கவா சார்? இன்னா கேஸு?"

கைதியைச் சந்திக்க எழுதிக் கொடுப்பதைத்தான் இங்கே மனு என்கிறார்கள். "குண்டாஸ்" என்றேன்.

"வெட்டுக்குத்தா?"

"சிடி வித்தாரு."

"சிடிக்கா!" என்று மறுபடியும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

ஒன்பதரைக்கு வரிசையில் நின்றோம். கூப்பிட்டபோது பன்னிரண்டு பத்து. இரண்டு கம்பி வலைகள், நடுவே இடைவெளி. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லாரும் கத்துகிறார்கள். சேகர் பாதியாக இளைத்திருந்தார்.

"வூட்ல எல்லாம் ஓகேவா?" என்று கத்தினார்.

"ஓகேதான்" என்று அமுதாவும் கத்தினார்.

பிறகு சேகர் என்னைப் பார்த்தார். அடைத்து வைத்தது சரியா என்று பார்க்கும் குழுவின் முன்னால் போன வாரம் அவரை நிறுத்தியிருக்கிறார்கள். "மூணு பேரு ஒக்காந்துனு இருந்தாங்கண்ணா. வக்கீல் பேசக்கூடாதாம். இன்னா சொல்றேன்னு கேட்டாங்க. இனிமே விக்கமாட்டேன் சார்னு சொல்ட்டேன். தப்பாண்ணா?"

சட்டம் படித்தவர்கள் மூன்று பேருக்கு எதிரே, பத்தாவது தாண்டாத ஒருவர் தனியாக நின்று தனக்காக வாதாட வேண்டும்! "தப்பில்லப்பா" என்றேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அமுதா வெளியே வந்துதான் அழுதார்.

ஏழாவது மாதம் உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. உத்தரவை எதிர்த்துச் சேகர் அரசுக்கு அனுப்பிய முறையீட்டுக்குப் பதில் தர அதிகாரிகள் தாமதித்ததுதான் காரணம். முப்பது ரூபாய் சிடி விற்றவர் குண்டரா என்ற கேள்வியே எழவில்லை. அந்த ஏழு மாதத்துக்கு யாரும் பதில் சொல்லப் போவதுமில்லை. மூல வழக்கில் விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை என்பதுதான் கொடுமை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் ஆளுக்கு எந்த நாளில் அனுமதி என்று முன்பே விசாரியுங்கள். அசல் அடையாள அட்டையும் ரேஷன் கார்டு நகலும் வேண்டும். தண்ணீர் எடுத்துப் போங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், உத்தரவு கைக்கு வந்த அன்றே வக்கீலிடம் கொடுத்து முறையீட்டை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

சேகர் வந்து ஐந்து மாதமாகிறது. இப்போது முடிச்சூர் பக்கம் குடியிருக்கிறார்கள். எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் யாரோ 'குண்டாஸ்ல போனவன்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஊரில் பண்டிகை என்றால் போலீஸ் வீட்டுக்கே வந்து விசாரிக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அமுதா தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"தண்டன குடுத்திருந்தா, அது முடிஞ்சுதுன்னு சொல்லலாம் அண்ணா. இவருக்குத் தண்டனையே குடுக்கல. அப்போ எது முடியணும்?"