காலி இடத்தைக் காத்த ஞானசேகரன்

ஞானசேகரன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவசரப் பிரிவுச் செவிலியர். "சார், ஞானசேகரன் சாரைக் கொண்டாந்திருக்காங்க, கொஞ்சம் கீழ வாங்க" என்று மட்டும் தொலைபேசியில் சொன்னார். நெஞ்சுவலி என்று கீழ்பென்னாத்தூர் வீட்டிலிருந்து காரில் ஏற்றியிருக்கிறார்கள். திருவண்ணாமலைக்குள் நுழையும் முன்பே மூச்சு நின்றிருக்கிறது. நான் இறங்கிப் போனபோது டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நம் மருத்துவமனையில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அன்று அவசரப் பிரிவு வராந்தாவில் நின்றீர்கள். ஐம்பதைக்கூட அவர் தொடவில்லை.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. அன்று விடிந்ததிலிருந்தே எங்கள் சர்வர்களில் ஒன்று நினைவகப் பிழை காட்டிக்கொண்டிருந்தது; எந்த நேரமும் நின்றுவிடலாம். அதைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் இந்த மருத்துவமனையில் இரண்டே பேர். ஒருவர் கீழே ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நான் மாடிக்கு ஏறினேன்.

அவர் என்ன வேலை செய்தார் என்பது கூடவே இருந்தவர்களுக்கே சரியாகத் தெரியாது. 'கம்ப்யூட்டர் சார்' என்பார்கள்; பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மருத்துவமனையின் எல்லா வேலையும் மூன்று பெரிய சர்வர்களில் நடக்கிறது. ரத்த வங்கி, ஆய்வகம், பில், கண்காணிப்பு கேமரா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அவையெல்லாம் அந்த மூன்று இயந்திரங்களுக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினிகள். விர்ச்சுவல் மெஷின் என்போம். ஒரு சர்வர் விழுந்தால் அதில் ஓடியவை தாமாகவே மற்ற இரண்டிலும் எழுந்துகொள்ளும். ஆனால் அவை எழுந்து நிற்க அங்கே இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பதுதான் ஞானசேகரனின் வேலை. நான் சென்னையில் இதே வேலையைச் சில வருடங்கள் பார்த்துவிட்டு வந்தவன். வயதில் அவருக்குக் கொஞ்சம் இளையவன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வரின் மின்இணைப்பை அவர் பிடுங்கினார். நான் பதறிவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். விழுந்தவை ஒவ்வொன்றாகப் பக்கத்து சர்வர்களில் எழுந்தன. கடைசியாக எழுந்தது கேன்டீன் கணக்கு. "விழாதுன்னு நம்பிக்கிட்டு இருக்கறத விட நாமளே விழ வெச்சிப் பாத்துடலாம்" என்றார். அன்று அவர் முகத்தில் பார்த்த நிம்மதியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் புதிய அமைப்பு வந்தது. மிகப் பெரியது. அதற்கென்று தனி சர்வர் வேண்டும் என்று ஞானசேகரன் எழுதிக் கொடுத்தார். நிர்வாகி எங்கள் அறைக்கே வந்து திரையைப் பார்த்தார். இவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டார். சும்மா இல்லை, ஒன்று விழுந்தால் தாங்குவதற்கு என்று ஞானசேகரன் விளக்கினார். இத்தனை வருடத்தில் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்று நிர்வாகி திருப்பிக் கேட்டார். தானாக ஒருமுறைகூட விழுந்ததில்லை. அந்தக் காலி இடத்தில் எதையும் ஏற்றவிடாமல் காக்கும் மென்பொருள் கட்டுப்பாட்டை ஞானசேகரன் தன் கையாலேயே நீக்கிவிட்டு, ஸ்கேன் அமைப்பை உள்ளே ஏற்றினார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

அந்தக் கட்டுப்பாடு போன பிறகு வந்த ஒரு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் அவசரப் பிரிவில் மயக்கமும் கால் சுளுக்குமாக நிற்க இடமில்லை. பிற்பகலில் முதல் சர்வர் நின்றது. அதில் ஓடியவை எல்லாம் மற்ற இரண்டின்மேல் வந்து விழுந்தன. இடம் போதவில்லை. இரண்டும் திணறின. எந்தத் திரையில் எதை அழுத்தினாலும் மணல் கடிகாரம்தான் சுற்றியது. இப்படியே விட்டால் மீதி இரண்டும் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். எதையாவது அணைத்தாக வேண்டும்.

கேமராவை அணைத்தார். மின்னஞ்சலை அணைத்தார். ஸ்கேன் அறைக்குப் போன் போட்டு, டாக்டர்களை அங்கேயே வந்து படம் பார்க்கச் சொல்லிவிட்டு அந்தப் புதிய அமைப்பையும் அணைத்தார். பில்லில் கை வைத்தபோது நிர்வாகி பின்னால் வந்து நின்றார். வெளியே கூட்டம் கத்துகிறது, பில்லை மட்டும் விடுங்கள் என்றார்.

"பில்லு அப்புறமா போட்டுக்கலாங்க. ரத்தத்த அப்புறமா பாத்துக்க முடியாது" என்றார் ஞானசேகரன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அணைத்துவிட்டார்.

ரத்த வங்கி எழுந்தது. ஆய்வகம் மட்டும் எழவில்லை. அது திடீரென்று நின்றதால் தன் தகவல்களை முழுக்கச் சரிபார்த்த பிறகே திறக்கும். நடுவில் நிறுத்தவும் முடியாது. நின்றுபோன சர்வருக்கு மாற்றுப் பாகத்தோடு வந்த பொறியாளர் தற்காலிகப் பேருந்து நிலையத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் பைக்கில் போய்க் கூட்டத்துக்குள் உருட்டிக்கொண்டே அவரை அழைத்து வந்தேன். திரும்பி வந்தபோதும் ஞானசேகரன் அதே இடத்தில்தான் நின்றிருந்தார். இரண்டு கையையும் மேசையில் ஊன்றியிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது, குளிர்பதன அறையில்.

ஆய்வகம் எழுவதற்குள் அவசரப் பிரிவில் ஒரு முதியவர் இறந்துவிட்டார். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தார்கள். சிறுநீரகம் எப்போதோ கெட்டுவிட்டது, முடிவு முன்னால் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ஞானசேகரன் மறுபடியும் கேட்டார். டாக்டர் மறுபடியும் அதையே சொன்னார். உடலை அமரர் ஊர்தியில் ஏற்றும்வரை ஞானசேகரன் முதியவரின் மகன் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வந்தார். பிறகு என்னிடம், "ரிசல்ட்டு லேட்டானதால இல்லன்னு சொல்றாரு. இல்லாமலே இருக்கட்டும். ஆனா எனக்குத் தெரியாது இல்ல?" என்றார்.

பில்லை அணைத்ததற்கு விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. ஸ்கேன் அமைப்பு அங்கேயேதான் இருக்கிறது. நான்காவது சர்வர் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் விடுப்பே எடுக்கவில்லை. கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பும்போது பேசும் கடைசிப் பேச்சிலும் எந்த சர்வரில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் இருக்கும். "கம்மியா கீது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏறுவார். தூங்குகிறாரா என்று நான் ஒருமுறை கேட்டேன். சிரித்தார்.

காரியம் முடிந்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போக முடிந்தது. அண்ணி காபி கொடுத்தார். அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அண்ணிதான் பேச்சை எடுத்தார்.

"அவரு போன அன்னிக்கு அங்க ஏதாச்சும் நின்னுச்சா தம்பி?"

"இல்லிங்க அண்ணி. எல்லாம் ஓடுச்சி."

அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"அப்ப ஒரு நாள் லீவு போட்டுட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமே. நெஞ்சுல என்னமோ பண்ணுதுன்னு சொன்னப்பவே கூப்ட்டேன். நான் வந்தா அங்க யாரு கீறாங்கன்னாரு."

நான் காபியைக் குடிக்காமல் வைத்திருந்தேன். என்னிடம் அவர் அந்த வலியைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

ஞானசேகரனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய பயம். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரை முழுக்கப் பச்சையாக இருக்கும்போதே அடுத்து எது விழும் என்று எண்ண வைக்கும் பயம். இத்தனை வருடம் இந்த மருத்துவமனைக்காக அதை ஒருவரே சுமந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது. இன்னொரு ஆள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன், இன்னும் யாரையும் போடவில்லை. டாக்டரிடம் உடம்பைக் காட்டிக்கொள்ள ஒரு நாள் விடுப்பும் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.