பிரியா, 94 பேட்ச்

அந்தச் சனிக்கிழமை அவுட்டிங் பாஸில் ‘உறவு: தாய்மாமன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

கொடைக்கானலில் ஒரு உறைவிடப் பள்ளியின் ஃப்ரண்ட் ஆபீஸில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். எத்தனையோ பாஸ் எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஓய்வு பெறும்வரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது பள்ளி, கடை, ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் இணையத்தில் ‘பேஜ்’ பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார். அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. நானூறு பேர்

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில், படித்து முடித்த பிள்ளைகள் எல்லோரும் ஒரு நட்பு வலைத்தளத்தில் இருந்தார்கள். இப்போது அந்தத் தளம் இல்லை. அதில் பழைய மாணவர்களுக்காக எங்கள் பள்ளி பெயரில் ஒரு ‘கம்யூனிட்டி’ தொடங்கச் சொன்னார் கரஸ்பாண்டெண்ட் சார். டைப்பிங் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் செய்தேன். யாராவது சேரக் கேட்டால் பெயரையும் வருடத்தையும் அட்மிஷன் ரெஜிஸ்டரில் தேடிப் பார்த்துவிட்டு ‘அப்ரூவ்’ கொடுப்பேன். வாரத்துக்கு ஏழெட்டுப் பேர். ஒரு வருடத்தில் நானூறு பேர் சேர்ந்தார்கள்.

ஒருநாள் சார் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

“என்னங்க எஸ்தர், லேக் பக்கத்து ஸ்கூலுக்கு ரெண்டாயிரம் மெம்பராம். நமக்கு ஏன் நானூறுலயே கெடக்கு?”

“ஒவ்வொருத்தரையா செக் பண்ணிச் சேக்கிறேன் சார்.”

“செக் பண்ண இது என்ன பாங்க் லாக்கரா? தொறந்து விடுங்க. ஆண்டு விழாவுக்குள்ள ஆயிரம் வந்துறணும்.”

திறந்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று செட்டிங்கை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சார் சொன்னதால்தான் செய்தேன் என்று எழுதினால் அது பொய். எனக்கே அதில் ஆசை வந்துவிட்டது. காலையில் வந்ததும் ஸ்வெட்டரைக் கூடக் கழற்றாமல் முதலில் எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன். கட்டடம், மரம், பனிமூட்டம் என்று படம் போட்டால் ஒருவரும் வருவதில்லை. சின்னப் பிள்ளைகளின் முகத்தைப் பெயரோடு போட்டால் சித்தி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் வரை வந்து சேர்ந்தார்கள். அதனால் சாக்கு ஓட்டம், டார்மிட்டரியில் பிறந்தநாள், விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் குழந்தை என்று வாரம் இருபது படம் போட்டேன்.

எல்லாப் படத்துக்கும் முதலில் கமெண்ட் போடுகிறவள் ‘பிரியா, 94 பேட்ச்’. அவள் வந்தாலே மற்றவர்களும் பேச ஆரம்பிப்பார்கள். அதனால் அவளை எனக்குப் பிடித்துப்போனது. “இந்தக் குட்டி யாரு? எந்த ஹவுஸ்?” என்று கேட்பாள். “நிவேதிதா. மூணாவது. ப்ளூ ஹவுஸ்” என்று எழுதுவேன். “எங்க காலத்துல ஜன்னல் ஓரக் கட்டிலுக்குச் சண்டை நடக்கும். இப்ப அது யாருக்கு?” “அதே நிவேதிதாவுக்குத்தான்!” “அவுட்டிங் இன்னும் ரெண்டாவது சனிக்கிழமைதானா?” “ஆமாம்.”

பதில் எழுத எழுத எண்ணிக்கை ஏறியது. ரெஜிஸ்டரை எடுத்து 94-இல் பிரியா என்று ஒருத்தி படித்தாளா என்று நான் பார்க்கவே இல்லை.

2. சனிக்கிழமை

அக்டோபர் மாத அவுட்டிங், பிள்ளைகளை வீட்டார் வெளியே அழைத்துப் போகும் நாள். பகல் பதினோரு மணிக்கு ஆபீஸில் முப்பது பெற்றோர் வரிசையில் நின்றார்கள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் கேக் பெட்டியோடு, நிவேதிதாவின் மாமா என்றார்.

“கார்டு கொண்டாந்திருக்கீங்களா?” என்று கேட்டேன். பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள் போட்டோ ஒட்டிய கார்டு காட்ட வேண்டும்.

“அக்காகிட்ட இருக்குங்க. கிளம்புற அவசரத்துல விட்டுட்டேன்.”

கார்டு இல்லாவிட்டால் தாய்க்கு போன் செய்ய வேண்டும். நிவேதிதாவின் அம்மா மதுரையில் நர்ஸ். இரண்டு முறை அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். டியூட்டியில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குழந்தையின் ஃபைலில் கோர்ட் உத்தரவு ஒன்று இருந்தது எனக்குத் தெரியும். அம்மாவின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் தந்தை பார்க்கக் கூடாது. ஆனால் இவர் மாமா அல்லவா? முன்பல் விழுந்துவிட்டது, சாக்கு ஓட்டத்தில் இரண்டாம் இடம், ஜன்னல் ஓரக் கட்டிலில் குளிருமே என்று எல்லாம் சொன்னார். இவ்வளவு தெரிந்தவர் வேறு யாராக இருக்க முடியும்? வரிசை நீண்டது. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து கேட் வாட்ச்மேன் செல்லையா அண்ணன் ஆபீஸுக்கு வந்தார்.

“மிஸ், அந்த மூணாங்கிளாஸ் பாப்பாவ கூட்டிட்டுப் போனவரு மாமான்னுதான பாஸ்ல இருந்துச்சு?”

“ஆமாண்ணே. ஏன்?”

“பாப்பா அவரப் பாத்ததும் ‘அப்பா’ன்னுச்சு. அவரு வெரசா வாயப் பொத்திக் கார்ல ஏத்திட்டாரு. மனசுக்குச் சரியாப் படல மிஸ்.”

எழுந்து நின்றேன். சாரிடம் ஓடிச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. போலீஸுக்கு போன் போட்டார். செல்லையா அண்ணன் கேட் நோட்டில் கார் நம்பரை எழுதி வைத்திருந்தார். கீழே இறங்கும் மலைப்பாதையில், ஊத்து என்ற ஊரில் அவருடைய மச்சினன் டீக்கடை வைத்திருந்தார். ஆபீஸ் போனிலிருந்தே கூப்பிட்டார்.

“ஏலே, வெள்ளைக் காரு, மதுரை நம்பரு. பச்சை ஸ்வெட்டர் போட்ட பொம்பளப் பிள்ள. வந்தா எப்படியாவது நிப்பாட்டு. என்னன்னு அப்புறம் சொல்றேன்.”

நானும் செல்லையா அண்ணனும் பள்ளி ஜீப்பில் கிளம்பினோம். மலைப்பாதை முழுக்கப் பனி. பத்தடிக்கு முன்னால் என்ன வருகிறதென்று தெரியவில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டி ஒவ்வொரு வெள்ளைக் காரையும் பார்த்தேன். வளைவுக்கு வளைவு செல்போனில் சிக்னல் போய்ப் போய் வந்தது. அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. கார் மலையடிவாரத்து வத்தலக்குண்டை எட்டிவிட்டால் மதுரை, திண்டுக்கல், தேனி, எந்தப் பக்கமும் போகலாம்.

ஊத்தில் டீக்கடை முன்னால் வெள்ளைக் கார் நின்றது.

வளைவுகளில் தலை சுற்றிக் குழந்தை வாந்தி எடுத்திருக்கிறாள். அவர் காரை ஓரங்கட்டியதும், “பாப்பாவுக்கு வெந்நீர் வச்சுத் தாரேன், ஒக்காருங்க” என்று கடைக்காரர் உட்கார வைத்துவிட்டார். குழந்தையின் அப்பா தன் சட்டைக் கைப்பகுதியால் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடவில்லை.

“மாமான்னு சொன்னீங்களே” என்றேன்.

“அப்பான்னு சொன்னா விட்டிருப்பீங்களா?”

“எங்க கூட்டிட்டுப் போறீங்க?”

“வத்தலக்குண்டு வரைக்கும்தாங்க யோசிச்சு வச்சிருந்தேன்” என்றார். பிறகு குழந்தைக்குக் கேட்காதபடி, “பிரியா நான்தாங்க. பல்லு விழுந்ததே உங்க போட்டோலதான் எனக்குத் தெரியும்” என்றார்.

அவர் மேல் கோபப்படவும் எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. போலீஸ் வந்தது. குழந்தை என் மடியில் உட்கார்ந்து, “கேக் கார்லயே இருக்கு மிஸ்” என்றாள்.

3. அம்மா

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் அவளுடைய அம்மா வந்தார். யூனிஃபார்ம் மேலேயே சால்வை போர்த்தியிருந்தார். சார் ஏதோ விளக்கத் தொடங்கினார். அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார்.

“என் பிள்ள எந்தக் கட்டில்ல படுக்குதுன்னு பெத்த எனக்கே தெரியாதுங்க. அவருக்கு யாரு சொன்னது?”

“நான்தாங்க” என்றேன்.

அவர் அழவில்லை, கத்தவில்லை. டி.சி. கேட்டார். அதையும் நானே டைப் அடித்தேன். மூன்று தடவை பிழை வந்து மூன்று தாள் வீணானது.

எனக்கு மெமோ வந்தது. கொடுக்கும்போது சார், “ஆயிரம் கேட்டது நான்தானே” என்று முணுமுணுத்தார். ஆனால் மெமோவில் என் பெயர் இருந்ததுதான் சரி. அன்று எண்ணிக்கை தொள்ளாயிரத்து நாற்பதைத் தாண்டியிருந்தது. ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டு பதினொரு நாள் உட்கார்ந்து சரிபார்த்தேன். ஐந்நூற்றுச் சொச்சம் பேர் யாரென்றே தெரியவில்லை. அத்தனை பேரையும் நீக்கினேன், பிள்ளைகளின் படங்கள் எல்லாவற்றையும் எடுத்தேன். அதற்குள் யார் யார் அவற்றைச் சேமித்து வைத்துக்கொண்டார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் கற்றுக்கொண்டது இதுதான். சேருகிற ஒவ்வொருவரும் ஒரு ஆள். எதையோ பார்க்கத்தான் வருகிறார். எதைப் பார்க்க வருகிறார் என்று கேட்க நேரமில்லாத அளவுக்கு ஆள் சேர்க்காதீர்கள். மேலதிகாரி கேட்டால், “முடியாது சார்” என்று சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகும் பத்து வருடம் அதே மேசையில் பாஸ் எழுதினேன். கார்டு இல்லாமல் வருகிறவர் குழந்தையைப் பற்றித் தெரியாமல் தடுமாறினால்கூட எனக்குப் பயம் வராது. எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறவர் வந்தால்தான் பயம் வரும். பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாய்க்கு போன் அடிப்பேன். எடுக்கும்வரை அடிப்பேன்.